பையைத் தேடப் போன இடத்தில்: பேருந்து கேமராப் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

பின்சீட்டு:

போன வாரம் பேருந்தில் பையை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு ஃபைல், கண்ணாடிக் கூடு, பாதி படித்த புத்தகம். மறுநாள் பணிமனைக்குப் போய்க் கேட்டால் கன்ட்ரோல் ரூம் பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே இருந்தவர் எந்த வண்டி, எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று மட்டும் கேட்டார். பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, அந்த வண்டியில் நான் வந்ததற்கு டிக்கெட் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பதிவைத் திறந்து வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்று மவுஸை என் கையில் கொடுத்துவிட்டு போன் பேச வெளியே போய்விட்டார்.

நாற்பது நிமிடம் பார்த்தேன். என் பை சீட்டுக்கு அடியில் கிடப்பது தெரிந்தது. வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும் பதிவும் நின்றுவிட்டது, அதுவரை பையை யாரும் தொடவில்லை. சரி, அது என் கதை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் வேறு என்னென்ன பார்த்தேன் தெரியுமா? மூன்றாவது வரிசை ஜன்னலோரம் ஒரு பெண் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அழுதுகொண்டே வந்தாள், சத்தம் வராதபடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு. அதே வண்டியில் அவளுக்கு நான்கு சீட்டு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு அது தெரியவே தெரியாது. அவளுக்கு முன்னால் இருந்தவர் போனைத் திறக்கக் கோடு போடுவது மேலிருந்து விரல் விரலாகத் தெரிந்தது, பார்த்தால் நீங்களும் போட்டுவிடலாம். அப்புறம் நான். மறுநாள் அலுவலகத்தில் பேச வேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டு, கையை வேறு ஆட்டிக்கொண்டு வருகிறேன். வண்டியில் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், மறந்திருப்பார்கள். அது போகட்டும். அந்த மவுஸ் இன்றைக்கு என் கையில் வந்த மாதிரி நாளைக்கு வேறு யார் கைக்கும் போகலாம் அல்லவா? நான் "பை தொலைந்தது" என்றேன், திறந்தார்கள். இன்னொருவன் தன் மனைவி யாரோடு போகிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தால் அவனும் "பை தொலைந்தது" என்றுதானே சொல்வான்?

இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். கேமராவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

வாசல்காவல்:

பொது இடம்தானே நண்பரே. பேருந்தில் ஐம்பது பேர் பார்க்க அழுதால் ஐம்பத்தோராவது ஆள் பார்ப்பதில் என்ன வந்துவிட்டது? தப்பு செய்யாதவனுக்கு எதற்கு பயம். கேமரா இருக்கும் வண்டியில்தான் என் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றுவேன், இல்லாத வண்டியில் ஏற்ற மாட்டேன்.

பின்சீட்டு:

ஐம்பது பேரும் அவளைப் பார்த்தார்கள், அவளும் அந்த ஐம்பது பேரைப் பார்த்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் கைக்குட்டையை வாயில் வைத்தாள். நான் மறுநாள் ஓர் அறையில் உட்கார்ந்து அவளை மூன்று தடவை ரீவைண்ட் செய்தது அவளுக்குத் தெரியாது. (ஆமாம், மூன்று தடவை. பைக்காகத்தான் பின்னால் ஓட்டினேன். ஆனாலும் கண் அங்கேதான் போனது. ஒத்துக்கொள்கிறேன்.)

இரவுப்பணி:

நான் ஷிஃப்ட் வேலை, இரவு பதினொன்றுக்கு மேல்தான் வீடு திரும்புவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தினமும் அதே வண்டியில் ஏறி பக்கத்து சீட்டில் வந்து உட்காருவான். முதலில் தோள், அப்புறம் கை. கத்தினால் "கூட்டத்தில் பட்டுவிட்டது" என்பான். வண்டி காலியாக இருக்கும்போது என்ன கூட்டம்! நான் புகார் கொடுத்தபோது அவன் சொன்னதும் நான் சொன்னதும் சமம் என்கிற மாதிரிதான் எழுதிக்கொண்டார்கள். பதிவை எடுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது. பன்னிரண்டு காலி சீட்டு இருக்க அவன் என் பக்கத்தில் வந்து உட்காருவது, நான் எழுந்து போக அவனும் எழுந்து வருவது எல்லாம் அதில் இருந்தது. அதனால் கேமராவை யாராவது குறை சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மறைக்கவில்லை.

ஆனால் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். புகாருக்காக ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். அதை ஏற்றிக் கொடுத்தவர் ஒரு காப்பி வைத்துக்கொண்டார் போல. மூன்று வாரம் கழித்து என் கூட வேலை பார்க்கும் பெண், "அக்கா, இது நீங்கதானே?" என்று போனை நீட்டினாள். ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில், என் முகத்தை மறைக்காமல், மேலே ஒரு சிரிப்புப் பொம்மை வைத்து வந்திருந்தது. அவன் செய்ததைவிட அதுதான் என்னை அதிக நாள் தூங்கவிடவில்லை. அவனுக்கு வேலை போனது. காப்பி எடுத்தவர் யார் என்று கேட்டால் அந்த அறைக்குப் பத்துப் பேர் வந்து போவார்கள், எப்படிச் சொல்வது என்றார்கள்.

வாசல்காவல், உங்கள் கேள்விக்கு பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

வாசல்காவல்:

மன்னிக்கவும் சகோதரி. நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அப்படிக் காப்பி எடுத்தவனைத்தான் பிடிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

கேபிள் அண்ணன்:

பிடிக்க முடியும் தம்பி, மனசு வைத்தால். நான் பதினான்கு வருஷமாக கேமரா மாட்டுகிற வேலைதான் செய்கிறேன். கடை, அடுக்குமாடி, பள்ளி வேன், பேருந்து எல்லாம் பார்த்திருக்கிறேன். பதிவு செய்கிற பெட்டிக்குள்ளேயே ஒரு லாக் இருக்கிறது. யார் உள்ளே வந்தார், எந்த நேரத்துப் பதிவைப் பார்த்தார், எதைக் காப்பி எடுத்தார் என்று கொஞ்சம் உருப்படியான எந்தப் பெட்டியிலும் எழுதி வைக்கும். ஆனால் அது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தால்தான் உதவும். நடப்பது என்ன? எல்லாரும் ஒரே 'அட்மின்'. பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும். நானே ஒட்டியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது, இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு போன் போட்டு "அண்ணே பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்பார்கள். அப்புறம் லாக்கைப் பார்த்தால் வரிக்கு வரி அட்மின், அட்மின், அட்மின். யாரைப் பிடிப்பது?

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. போன் ஆப். முதலாளி வீட்டிலிருந்து பார்க்க என்று போனில் ஏற்றிக் கொடுப்போம். அப்புறம் மேனேஜர் போனில், சூப்பர்வைசர் போனில். அவர் வேலையை விட்டுப் போய்விடுவார், ஆப் அவர் போனில் அப்படியே இருக்கும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆன ஒருவர் எனக்கு போன் செய்து "அண்ணே, வாசல் கேமரா மங்கலா தெரியுது, வந்து துடைச்சு விடுங்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வெளி ஆட்கள் உள்ளே வருவது தனிக் கதை. 2016-ல் மிராய் என்று ஒரு வைரஸ் பெரிய பெரிய இணையத்தளங்களை முடக்கியதே, அது புகுந்ததெல்லாம் இந்த மாதிரி கேமராக்களிலும் டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டிகளிலும்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். 2021-ல் வெர்காடா என்ற கேமரா கம்பெனியின் ஒரே ஒரு அட்மின் கணக்கு வழியாக நுழைந்து ஏறக்குறைய 1,50,000 கேமராக்களைப் பார்த்தார்கள், மருத்துவமனை, சிறை, பள்ளி எல்லாம் அதில் உண்டு.

பின்சீட்டு தம்பி, வண்டி நின்றதும் பதிவு நின்றது என்றீர்களே, அது சரிதான். பேருந்துப் பெட்டிக்கு சாவியிலிருந்து கரண்ட் போகும், எஞ்சினை அணைத்தால் சில நிமிடத்தில் அதுவும் தூங்கிவிடும். வண்டியைக் கூட்டிப் பெருக்குகிற நேரம் எதிலும் இருக்காது.

எண்கணக்கன்:

அறைக்குள் யார் வருகிறார் என்பது ஒரு பாதி. மறுபாதி, படமே தேவையில்லாத இடம். நீங்கள் பயணம் செய்வதை முகம் இல்லாமலேயே படம் பிடித்த மாதிரி வைத்திருக்கிறார்கள், கார்டு தட்டும் கருவி, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, போன் டவர். பெயரை எடுத்துவிட்டோம், இனி இது யாருடையது என்று தெரியாது என்பார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

2014-ல் நியூயார்க் டாக்ஸிகளின் ஒரு வருஷப் பயணப் பட்டியல், சுமார் 17 கோடியே 30 லட்சம் பயணங்கள், தகவல் உரிமைக் கோரிக்கை வழியாக வெளியே வந்தது. டாக்ஸி எண்ணையும் டிரைவர் உரிம எண்ணையும் குழப்பி எழுதி மறைத்திருந்தார்கள். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் வரும் என்பதால் எல்லாச் சாத்தியங்களையும் அதே முறையில் குழப்பி ஒப்பிட்டுப் பார்த்து, சில மணி நேரத்தில் முழுவதையும் அவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் இன்னொருவர் பிரபலங்கள் டாக்ஸியில் ஏறும் பத்திரிகைப் படங்களை எடுத்துவைத்து, படத்தில் தெரிந்த டாக்ஸி எண்ணையும் நேரத்தையும் பொருத்தி, அவர்கள் எங்கே போய் இறங்கினார்கள், டிப்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள் என்றே சொன்னார்.

2018-ல் மெல்போர்னில் இதையே பொதுப் போக்குவரத்து கார்டுகளில் செய்தார்கள். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்டுகள், மூன்று வருஷத் தட்டல்கள், ஒரு போட்டிக்காகக் கொடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் முதலில் தங்கள் கார்டைக் கண்டுபிடித்தார்கள், தாங்கள் எப்போது ஏறினோம் என்று தெரியும் அல்லவா. கூடப் பயணம் செய்த சக ஊழியரின் கார்டும் அதே இடத்தில் அதே நேரத்தில் தட்டியிருக்கும், அதையும் எடுத்தார்கள். அப்புறம் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ரயிலில் போவதாக ட்விட்டரில் எழுதியிருந்ததை வைத்து அவருடையதையும்.

2013-ல் வந்த ஓர் ஆய்வு உண்டு, 15 லட்சம் பேரின் 15 மாத போன் இடத் தகவல்களை வைத்துச் செய்தது. ஒரு மணி நேரத் துல்லியத்தில் நான்கே நான்கு இடங்கள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். நான்கு இடம் என்பது என்ன? வீடு, வேலை, ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மருத்துவமனை.

வாசல்காவல்:

இவ்வளவு சொல்கிறீர்களே, கேமரா வந்த பிறகு குற்றம் குறைந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

எண்கணக்கன்:

நியாயமான கேள்வி. 2019-ல் நாற்பது வருஷ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். கேமரா வைத்த இடங்களில் மொத்தக் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. நன்றாகப் பலன் தெரிந்தது வண்டி நிறுத்துமிடங்களில், வண்டித் திருட்டு மாதிரி குற்றங்களில். அடிதடி, தாக்குதல் மாதிரி வன்முறையில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த இடங்களில் பலன் கூடுதல், சும்மா பதிவு மட்டும் ஆன இடங்களில் குறைவு. இரவுப்பணி சொன்னது வேறு விஷயம், நடந்து முடிந்ததை நிரூபிப்பது. அதில் கேமராவுக்கு ஈடு இல்லை, மறுக்கவில்லை.

மீட்டர்வண்டி:

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டிக்குள் பின்சீட்டைப் பார்க்கிற கேமரா வைத்திருக்கிறேன், ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். ஏன் என்றால், குடித்துவிட்டு ஏறிய ஒருவர் மறுநாள் நான் பணத்தை எடுத்துவிட்டேன் என்று புகார் கொடுத்தார். அவரே ஜன்னல் வழியாகப் பர்ஸை நழுவவிட்டது பதிவில் இருந்ததால் தப்பித்தேன். அதனால் கேமராவைக் கழற்ற மாட்டேன்.

ஆனால் மைக்கை அணைத்துவிட்டேன். முதல் மாதம் மைக் ஓடியது, ஒரு நாள் ஏதோ தேடிப் போட்டுக் கேட்டேன். பின்னால் உட்காருகிறவர்கள் டிரைவர் ஒரு மனிதன் என்பதையே மறந்துவிடுவார்கள், அப்படித்தான் பேசுவார்கள். ஒருவர் டாக்டர் சொன்ன முடிவைத் தன் அண்ணனிடம் சொல்கிறார், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறார். ஓட்டும்போது அது காதில் விழுந்தது, சிக்னலோடு போய்விட்டது. என் டிஸ்கில் இருப்பது வேறு மாதிரி இருந்தது. அன்றைக்கே அணைத்தேன். படம் ஏழு நாள், தானாக அழிந்துவிடும்.

சூட்கேஸ்:

தலைப்பு கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் பயணம்தானே. விடுதி அறையில் ஒளித்துவைக்கும் கேமராவை எப்படிக் கண்டுபிடிப்பது? தென் கொரியாவில் 2019-ல் 30 விடுதிகளில் 42 அறைகளில் வைத்து சுமார் 1,600 பேரைப் படம் பிடித்து இணையத்தில் நேரடியாக ஓட்டினார்கள் என்று படித்ததிலிருந்து அறைக்குள் போனதும் பிளக் பாயின்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கேபிள் அண்ணன்:

அதில் டிவி பெட்டி, சுவர் பிளக், ஹேர் டிரையர் மாட்டும் தாங்கி, இங்கேதான் வைத்திருந்தார்கள். வைக்கிறவன் கரண்ட் கிடைக்கிற இடமாக, கட்டிலைப் பார்க்கிற மாதிரிதான் வைப்பான். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், லென்ஸ் இருந்தால் ஒரு புள்ளி பளிச்சென்று திருப்பி அடிக்கும். இருட்டில் பார்க்கிற கேமரா என்றால் அகச்சிவப்பு விளக்கு எரியும், அது போனின் செல்ஃபி கேமராவில் பல நேரம் ஊதாப் புள்ளியாகத் தெரியும். முதலில் டிவி ரிமோட்டை போனுக்கு நேராக அழுத்திப் பாருங்கள், அது தெரிந்தால் உங்கள் போன் இதற்கு உதவும். விளக்கே இல்லாத கேமராவும் உண்டு, அதற்கு டார்ச்தான். சந்தேகமாக ஏதாவது இருந்தால் தொடாதீர்கள், பிடுங்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து போலீசைக் கூப்பிடுங்கள்.

வழக்குக்கட்டு:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பொது இடம்தானே" என்ற வாதத்தை நீதிமன்றங்கள் முன்பு போல அப்படியே ஏற்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு காரில் ஜிபிஎஸ் கருவியை ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்தது சோதனை போடுவதற்குச் சமம் என்றது. கார் ஓடியது என்னவோ எல்லாரும் பார்க்கும் தெருவில்தான். 2018-ல் ஒருவரின் 127 நாள் போன் டவர் தகவலை எடுத்த வழக்கிலும் பொதுவாக வாரன்ட் வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும், பொது இடத்துக்கு வந்துவிட்டதால் மட்டும் அது போய்விடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் நேரடி. உங்கள் படம் ஒருவரிடம் இருந்தால் எழுதிக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கொடுக்கும்போது மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. பின்சீட்டு, உங்கள் கையில் மவுஸைக் கொடுத்தாரே, அதற்கு நேர் எதிர். வீட்டு வாசல் கேமரா தெருவையும் சேர்த்துப் பிடித்தால் "என் சொந்த விஷயம்" என்று தப்ப முடியாது என்றும் அங்கே 2014-லேயே தீர்ப்பு இருக்கிறது.

சூட்கேஸ்:

விமான நிலையத்தில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறதே, அது?

எண்கணக்கன்:

இரண்டு விதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் படத்தோடு உங்கள் முகத்தை ஒப்பிடுவது ஒன்று. வருகிற போகிற எல்லா முகத்தையும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. ஒரு நிலையத்தில் தினம் ஒரு லட்சம் பேர் போகிறார்கள், ஆயிரத்தில் ஒன்று தப்பாகப் பொருந்துகிறது என்று வையுங்கள். 99.9 சதவீதம் சரி என்று விளம்பரம் போடலாம். ஆனால் தினம் நூறு பேரை ஓரம் கட்டி நிறுத்துவார்கள், அந்த நூறு பேரில் தேடுகிற ஆள் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். அந்த நூறும் எல்லாருக்கும் சமமாக விழாது, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் சோதித்தபோது, முதல் வித ஒப்பீட்டிலேயே பல மென்பொருள்களில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்குத் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக வந்தது. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் முகம் காட்ட விருப்பமில்லை என்று சொன்னால் அட்டையைப் பார்த்து அனுப்புவார்கள். எங்கே போனாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பின்சீட்டு:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி பணிமனைக்குப் போனேன். கேபிள் அண்ணன் சொன்னதையும் இரவுப்பணி சொன்னதையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன், பெரிதாக ஒன்றும் இல்லை. பார்க்க வருகிறவர் பெயரும் காரணமும் நேரமும் ஒரு நோட்டில் ஏற வேண்டும், மவுஸ் ஊழியர் கையிலேயே இருக்க வேண்டும், காப்பி எடுத்தால் யார் யாருக்கு எடுத்தார் என்று கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். மேலாளர் படித்தார். கோபப்படவில்லை, ஆச்சரியமாகத்தான் பார்த்தார். இதுவரை கேமரா வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் புகார் வந்திருக்கிறதாம்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய நீள நோட்டை எடுத்து, கோடு போட்டு, முதல் வரியில் என்னையே எழுதச் சொன்னார், போன வாரத் தேதி போட்டு. காரணம் என்ற இடத்தில் "பை" என்று எழுதினேன். பாஸ்வேர்டைத் தனித்தனியாக மாற்றுவது அவர் கையில் இல்லையாம், மேலே எழுதுகிறேன் என்றார். எழுதுவாரா தெரியவில்லை, அடுத்த மாதம் போய்க் கேட்பேன்.

கேபிள் அண்ணன்:

நோட்டு போதாது, ஆனால் நோட்டு இருக்கிற இடத்தில் ஆள் கொஞ்சம் தயங்குவான். ஸ்டிக்கர் இன்னும் மானிட்டரில் இருக்கிறதா பார்த்தீர்களா?

பின்சீட்டு:

இருக்கிறது அண்ணே. பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்தேன், ஆனால் அவ்வளவு சுலபமான பாஸ்வேர்டை மறக்க முடியவில்லை.

வாசல்காவல்:

எல்லாம் சரி, பை கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே!

பின்சீட்டு:

கிடைத்தது. வண்டியைப் பெருக்கியவர் அன்றைக்கு இரவே எடுத்து, அந்த நோட்டு இருந்த அதே அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறார். நான் முதல் நாள் வந்து நாற்பது நிமிடம் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்திருக்கிறது. கண்ணாடிக் கூடு மட்டும் காணோம்.